கால் வெட்டப் போகவில்லை

வெள்ளவத்தை
03.02.2025

அன்புள்ள பிரியந்தன் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் "ஒரு குறையுமில்லை" என்றுதான் எழுதுவீர்கள்.

நேற்றுப் பின்னேரம் போனில் பதினைந்து நிமிஷம் கதைத்தோம். நான் சொன்னதில் ஒரு வசனமாவது உங்களுக்குக் கேட்டதோ தெரியாது. "கிளினிக்குக்குப் போனீங்களோ?" என்று நான் கேட்க, "ஓம், கிளி இஞ்சையும் வருது, கொய்யா மரத்துக்கு" என்கிறீர்கள். பக்கத்து வீட்டு நிஷாந்தி சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தது எனக்குக் கேட்டது. காது மெஷினைப் போட்டுக்கொண்டு போன் எடுத்தால் அது விசில் அடிக்கிறது, போடாமல் எடுத்தால் கிளி பறக்கிறது. இனிப் போன் வேண்டாம். கடிதம்தான். உங்கள் கீழ்வீட்டு மக்கீன் நானா எப்படியும் தினமும் இங்கே காலி வீதியிலுள்ள தன் கடைக்கு வருகிறார். கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். "டீச்சர், தபால் கந்தோரை மூடினா எனக்குத்தான் வேல கூடும் போல" என்று ஒரு பேச்சும் தந்துதான் ஒப்புக்கொண்டார்.

மார்கழியில் டொக்டர் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. உங்கள் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. அப்படி அடிக்கிற இதயத்துக்குள் இரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டிபடும், அந்தக் கட்டி ஒரு நாள் புறப்பட்டு எந்தக் குழாயில் போய் அடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூளைக்கும் போகலாம், காலுக்கும் போகலாம். அதற்காகத்தான் இரத்தம் உறையாமல் வைக்கிற அந்தக் குளிசை. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால்தான் மாதம் ஒரு முறை இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். தை மாதச் சோதனைக்கு நீங்கள் போனீர்களா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல்லில் பதில் எழுதுங்கள்.

இன்னொன்று. 2023 ஐப்பசியில் உங்கள் பாக்கியலெட்சுமி அக்காவுக்குச் சுகமில்லை என்று ஒரு பையோடு கொட்டாஞ்சேனைக்குப் போனீர்கள். போக வேண்டியதுதான், நானும் அனுப்பித்தான் விட்டேன். அக்கா காலமாகிப் பதினாலு மாதம் ஆகிறது. நீங்கள் இன்னும் அங்கேதான். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. புருஷன் எங்கே என்று கேட்கிற பார்ப்பவர்களுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
நேசமலர்


கொட்டாஞ்சேனை
07.02.2025

நேசத்திற்கு,

03ஆம் திகதிய கடிதம் கிடைத்தது. ஒரு சொல்லில் பதில் கேட்டிருக்கிறீர். துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தொரு வருஷம் எழுதுவினைஞராக இருந்தவனிடம் ஒரு சொல்லில் பதில் கேட்கக்கூடாது.

தை மாதச் சோதனைக்குப் போனேன். விடிய ஆறு மணிக்கு வரிசை. மூன்று மணித்தியாலம் நின்று, ஒரு சொட்டு இரத்தம் கொடுத்து, பிறகு இன்னொரு வரிசையில் நின்று, ஒரு கொப்பியில் ஓர் இலக்கம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த இலக்கத்தைப் பார்த்து டொக்டர் தலையை ஆட்டினார். நல்லதற்கு ஆட்டினாரா, கெட்டதற்கு ஆட்டினாரா என்று தெரியவில்லை. கீரையை ஒரே அளவாகச் சாப்பிட வேண்டுமாம். இன்றைக்கு ஒரு பிடி பொன்னாங்காணி என்றால் நாளைக்கும் ஒரு பிடி. மனிதன் சாப்பாட்டைத் தராசில் வைத்துக்கொண்டா சாப்பிடுவான்?

மற்றபடி ஒரு குறையுமில்லை. காலையில் பொன்னம்பலவாணேசர் கோயில்வரை நடந்து போய் வருகிறேன். மக்கீனின் மனைவி ஸமீமா நோன்புக்கு முன்னே வீடு கழுவுகிறா. என்னுடைய மேல்வீட்டுப் படியையும் சேர்த்துக் கழுவி, "அண்ணன், செருப்ப கையில எடுத்துட்டு ஏறுங்க" என்கிறா. இரண்டு பெண்களின் உத்தரவில் வாழ்கிறேன். ஒருவர் கீழே, மற்றவர் ஆறு மைல் தள்ளி.

பார்ப்பவர்களுக்கு நான் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லும்.

இப்படிக்கு,
க. நாகேந்திரம்


வெள்ளவத்தை
19.02.2025

பிரியந்தன் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கோபமாக இருக்கிறேன், பொய்யாக எழுத எனக்கு வராது. உங்களுக்கு நன்றாக வருகிறது.

ஸமீமா நேற்று என்னைக் கூப்பிட்டா. மேல்மாடி விறாந்தையில் கறிவேப்பிலைச் சாடி சரிந்து கிடந்ததாம். நிமிர்த்தி வைக்கப் போனால் மண்ணுக்குள் குளிசைகள். "டீச்சர், வெத போட்ட மாதிரி ஈக்கி" என்றா. ஒவ்வொரு நாளும் ஒன்றொன்றாக விரலால் அழுத்திப் புதைத்திருக்கிறீர்கள். குளிசை முளைக்கும் என்று நினைத்தீர்களா?

தை மாதச் சோதனைக்கும் நீங்கள் போகவில்லை. மக்கீன் நானாவிடம் கேட்டேன். சோதனைக்குக் குறித்திருந்த அன்று நீங்கள் அவரோடு ஒருகொடவத்தைக்குப் போய் இரும்பு அலுமாரி பார்த்திருக்கிறீர்கள். வரிசை, கொப்பி, டொக்டரின் தலை எல்லாம் கற்பனை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தும், உங்களுக்கு இவ்வளவு நன்றாகக் கதை எழுத வரும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வந்தது, அதனால் நிறுத்தினேன் என்று ஸமீமாவிடம் சொன்னீர்களாம். இரத்தம் வந்தால் டொக்டரிடம் போக வேண்டும், அளவைக் குறைத்துத் தருவார். சாடியிடம் போகக்கூடாது. நான் கணக்குப் படிப்பித்த பிள்ளைகள்கூட விடை தெரியாவிட்டால் எழும்பி நின்று "தெரியாது டீச்சர்" என்று சொல்வார்கள்.

இந்தக் கிழமையே போங்கள். நான் வேண்டுமானால் வருகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நேசமலர்


கொட்டாஞ்சேனை
20.02.2025

திருமதி நேசமலர் நாகேந்திரம் அவர்களுக்கு,

நான் உமது வகுப்பில் இருக்கிற பிள்ளை இல்லை. எனக்கு அறுபத்தொன்பது வயது. என்னுடைய சாடியில் நான் என்ன போடுகிறேன் என்று பார்க்க ஆள் வைப்பது மரியாதையான காரியம் இல்லை. ஸமீமாவோடும் கதைத்துவிட்டேன். பாவம், அழுதுவிட்டா. அதற்கும் நீரே பொறுப்பு.

எனக்கு எது சரியென்று நானே பார்த்துக்கொள்வேன். இவ்வளவு காலமும் அப்படித்தான் பார்த்தேன். இனி இது விடயமாக எழுத வேண்டாம். எழுதினாலும் பதில் வராது.

க. நாகேந்திரம்


ஆஸ்பத்திரி, வாட்டு
11.03.2025, பகல் 11.40

இஞ்சரப்பா,

காது மெஷின் வீட்டில். அம்புலன்சில் ஏற்றும்போது ஸமீமா எடுக்க மறந்துவிட்டா. அதனால் எழுதிக் காட்டுகிறேன். கத்தாமல் வாசியுங்கள்.

கால் வெட்டப் போகவில்லை.

திரும்பவும்: கால் வெட்டப் போகவில்லை. இதயத்திலிருந்து ஒரு இரத்தக்கட்டி போய் வலது தொடைக் குழாயை அடைத்துவிட்டது. மற்றத் தொடையின் இடுக்கில் ஒரு சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, கட்டியை உறிஞ்சி எடுப்பார்கள். மயக்கமும் இல்லை. இப்போது செய்தால் கால் தப்பும். பிந்தினால்தான் வெட்ட வேண்டி வரும். கையெழுத்து வையுங்கள்.
– நே.

ஏன் இதை முதலே எழுதிக் காட்டவில்லை?
– நா.

நான் வந்து எட்டு நிமிஷம்தான் ஆகிறது. கையெழுத்து.
– நே.

குழாய் காலுக்குள் உடைந்தால்?
– நா.

டொக்டரிடம் கேட்டேன். உடையாதாம். துளை போட்ட இடத்தில் இரத்தம் கசியலாம், கட்டி முழுவதும் வராமலும் போகலாம், அப்படியென்றால் திறந்து எடுக்க வேண்டி வரும் என்றா. மறைக்காமல் சொல்லிவிட்டேன். நேரம் போகுது.
– நே.

நீர் நிற்பீரா?
– நா.

வேறெங்கே போவேன்? வையுங்கள் கையெழுத்தை.
– நே.


அதே ஆஸ்பத்திரி, வெளி விறாந்தை
11.03.2025, பிற்பகல் 12.30

அன்புள்ள பிரியந்தன் அப்பாவுக்கு,

உங்களை உள்ளே கொண்டுபோய்ப் பதினைந்து நிமிஷம். சும்மா இருக்க முடியவில்லை. நடந்தால் காவலாளி வந்து இருக்கச் சொல்கிறார். அதனால் எழுதுகிறேன். பிறகு வாசியுங்கள். வாசிப்பீர்கள்தானே.

காலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாது. ஏழு மணிக்கு வலது காலில் சட்டென்று ஒரு குத்து என்று டொக்டரிடம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்தது: தைலம் பூசினீர்கள். மேஸ் போட்டீர்கள். அந்தக் காலுறைக்கு மேல் இன்னொரு மேஸ் போட்டீர்கள். தசைப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் கிடந்தீர்கள். மூன்று மணித்தியாலம்! கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு சத்தம் போடவில்லை. பத்து மணிக்கு ஸமீமா உடுப்புக் காயப்போட மேலே வந்திருக்கா. அவ வந்திராவிட்டால்?

அவ போனில் சொன்னது இதுதான்: "டீச்சர், அண்ணனுட கால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பெய்த்து. தொட்டா சில்லுண்டு ஈக்கி. அம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். நீங்க நேர ஆஸ்பத்திரிக்கு வாங்க." பேச்சு வாங்கி அழுத பெண், நோன்போடு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், உங்களைப் பிடித்து மாடிப்படியால் இறக்கியிருக்கா.

நான் மரைன் டிரைவ் முழுக்க முச்சக்கரவண்டிக்காரனை "மல்லி, இக்மனட்ட யங்", தம்பி விரைவாகப் போவோம் என்று விரட்டிக்கொண்டே வந்தேன். வாட்டுக்குள் நுழைய முதலே உங்கள் குரல் கேட்டது. "என்ர காலை ஒருத்தரும் வெட்டக்கூடாது! நான் ரெண்டு காலோடதான் சாவன்!" முழு வாட்டும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாதி மிஸ்ஸி ஒருத்தி பாவம், சிங்களத்தில் "கபன்னே நே சீயா, கபன்னே நே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வெட்டமாட்டோம் என்கிறாள். உங்கள் காதில் விழுந்ததோ முன்பாதி மட்டும். வெட்டு, வெட்டு என்று. இலேசான காரியமில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

யதுஷா என்ற அந்த இளம் டொக்டர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டா. "அம்மா, இவருக்குக் காது கேக்காதோ? அரை மணித்தியாலமாச் சொல்லுறம். கால் செத்துப் போறதுக்கு ஆறு மணித்தியாலம் கணக்கு. இவருக்கு ஏழுக்குத் துவங்கியிருக்கு. இப்ப பதினொண்டரை. தானா ஒப்புக்கொள்ளாம நாங்கள் தொடேலாது" என்றா. நான் அவவின் கையிலிருந்த பேனையைப் பறித்துவிட்டேன். கேட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் வராமல் பார்த்திருக்கலாம். ஒரு குளிசை. எத்தனை தரம் சொன்னேன். இந்த வாங்கில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது. ஆத்திரம் இருக்கும்வரைக்கும் நல்லது. அது போனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மணியாகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.

ஒன்று இருபது. திறந்தது. டொக்டர் யதுஷா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. இனி எழுதவில்லை.

நேசமலர்


ஆஸ்பத்திரி
13.03.2025

அன்புள்ள நேசத்திற்கு,

உமது விறாந்தைக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மக்கீன் நேற்றுக் காது மெஷினைக் கொண்டுவந்து தந்தார். இப்போது வாட்டில் எல்லோருடைய இருமலும் கேட்கிறது.

உள்ளே நடந்ததை உமக்குச் சொல்ல வேண்டும். நேரே சொல்ல வராது, எழுதுகிறேன்.

நான் முழிப்பாகத்தான் இருந்தேன். இடது தொடை இடுக்கில் விறைக்க ஊசி போட்டார்கள். பிறகு ஏதோ தள்ளுகிற மாதிரி ஓர் உணர்ச்சி, நோவு இல்லை. மேலே ஒரு திரை. அதில் என் கால் எலும்பு. சாய மருந்து ஏற்றினார்கள். வயிற்றுக்குள் ஒரு சூடு, உடனே திரையில் கறுப்பாக ஓர் ஆறு ஓடி வந்தது. தொடைவரைக்கும் வந்து, சுவரில் முட்டின மாதிரி நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. நேசம், என்னுடைய கால் இல்லாமல் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். கால் எனக்கு முன்னாலேயே கிடந்தது, ஆனால் அந்தப் படத்தில் இல்லை.

டொக்டர் யதுஷா எனக்குத் தெரியும்படி ஒரு கடதாசியில் "இனி உறிஞ்சப் போறம்" என்று எழுதிக் காட்டினா. உம்மிடம் கற்றுக்கொண்டிருக்கிறா. மெல்லிய குழாய் அந்தச் சுவரடிக்குப் போய் நின்றது. முதல் தரம் கொஞ்சம்தான் வந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். அவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் காது கேட்காது, ஆனால் முகம் வாசிக்கத் தெரியும். மூன்றாம் தரம் இழுத்தார்கள். பிறகு சாயம் விட்டபோது ஆறு சுவரைத் தாண்டிப் போனது. முழங்காலுக்குக் கீழே மூன்று கிளையாகப் பிரிந்து பாதம்வரை போனது. அப்போது காலில் ஓர் எரிவு வந்தது பாரும், மிளகாய் அரைத்துப் பூசினது போல. நான் கத்தினேன். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உணர்ச்சி வருகிறதாம், நல்லதாம்.

கட்டியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார்கள். சின்ன விரல் நீளம், கறுத்தச் சிவப்பு, கடித்துப் பருத்த அட்டை மாதிரி. இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நீர் கேட்கவில்லை என்று எழுதினீர். நான் வந்தேன். அக்காவின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள், பையோடு வந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. நீர் பல்கனியில் நிஷாந்தியோடு கதைத்துக்கொண்டு நின்றீர். "அவர் இல்லாத இந்த மூண்டு மாசமாத்தான் கத்தாமல் கதைக்கிறன் நிஷாந்தி. என்ர குரல் எப்பிடி இருக்குமெண்டே எனக்கு மறந்து போச்சு" என்றீர். புதுக் காது மெஷின் போட்டிருந்தேன். நீர்தான் பிடிவாதம் பிடித்து வாங்கித் தந்தது. அது எனக்கு முதன்முதலில் தெளிவாகக் கேட்டுத் தந்தது அதைத்தான். செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டேன்.

குற்றமாகச் சொல்லவில்லை. அறிவதற்காக.

நாகேந்திரம்


வெள்ளவத்தை
14.03.2025

அன்புள்ள பிரியந்தன் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உலையில் அரிசி போட மறந்து தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் அதைச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன். சொன்னேன். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று எழுதப் பார்த்தேன். அதுவும் இல்லை. உண்மையாகத்தான் சொன்னேன். பகல் முழுக்க நாற்பது பிள்ளைகளுக்குக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்து உப்புப் போதுமா என்று கேட்பதற்கும் கத்தினேன். நீங்கள் போனபின் தொண்டை ஆறியது. அதை ஒரு மனுசியிடம் சொன்னேன். வாசலில் நீங்கள் நிற்பீர்கள் என்று கண்டேனா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா? உள்ளே வந்து, "என்னடி சொன்னாய்?" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், நான் ஒரு சத்தம் போட்டிருப்பேன், பத்து நிமிஷத்தில் தேத்தண்ணீர் குடித்திருப்போம். மற்றவர்களுக்குத்தான் காது கேட்காதவரோடு வாழ்வது கஷ்டம். எனக்கு வாய் திறக்காதவரோடு வாழ்வதுதான் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்களாம். நீங்கள் இங்கேதான் வருகிறீர்கள். கொட்டாஞ்சேனை மாடிப்படி இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது. இங்கே லிப்ட் வேலை செய்கிறது, கேட்டுப் பார்த்துவிட்டேன். இதில் பேச்சு இல்லை.

நேசமலர்


வெள்ளவத்தை, சாப்பாட்டு மேசை
09.04.2025

அன்புள்ள நேசத்திற்கு,

நீர் சந்தைக்குப் போயிருக்கிறீர். மக்கீன் கீழே வானோடு நிற்கிறார். நான் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். நேரே சொன்னால் நீர் விடமாட்டீர், நானும் நின்றுவிடுவேன். பிறகு இரண்டு பேரும் அதற்காக ஆளையாள் கோபிப்போம்.

மூன்று கிழமையாக நீர் செய்ததை வேறு யாரும் செய்யமாட்டார்கள். குளிசை நேரத்துக்கு, சோறு அளவாக, கீரை ஒரே பிடி. நாளுக்கு ஆறு தரம் வந்து புறங்கையால் என் பாதத்தைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்க்கிறீர். பார்த்துவிட்டுப் போய்விடுகிறீர். பாதத்தோடு கதைக்கிற அளவுக்கு என்னோடு நீர் கதைக்கவில்லை. கத்தவும் இல்லை. அடக்கிக்கொண்டு மெல்லக் கதைக்கிறீர், எனக்குக் கேட்கவில்லை, திரும்பக் கேட்கப் பயமாக இருக்கிறது. நேற்று நீர் பல்கனியில் தனியே நின்று ஒரு பெருமூச்சு விட்டீர். அதுவும் இந்த மெஷினில் கேட்டது.

கொட்டாஞ்சேனையில் எனக்குச் சந்தோசம் இல்லாமல் இல்லை. என்னுடைய தேத்தண்ணீர்க் கேத்தில், என்னுடைய ரேடியோ, நான் விரும்பிய சத்தத்தில். நடக்க முடிகிறது. பெருவிரல் மட்டும் இன்னும் விறைப்பு, அது அப்படியே இருக்கலாம் என்று டொக்டர் சொன்னா.

ஒரு பொய் மிச்சம் இருக்கிறது. குளிசையைச் சாடிக்குள் போட்டது முரசில் இரத்தம் வந்ததற்காக இல்லை. கீரைக்காகவும் இல்லை. ஒரு நாள் காலையில் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, யாருக்காக என்று தோன்றியது. அடுத்த நாளும் தோன்றியது. அவ்வளவுதான். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. குளிசையும் கொப்பியும் என்னோடு கொண்டுபோகிறேன். நம்பும்.

நாகேந்திரம்


வெள்ளவத்தை
16.04.2025

அன்புள்ள பிரியந்தன் அப்பாவுக்கு,

இரண்டு கிலோ விளை மீனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் மேசையில் கடிதம். மீன் உங்களுக்காக வாங்கினது. நிஷாந்தி வீட்டுக்குக் கொடுத்தேன். வருஷப்பிறப்புக்கு ஐந்து நாள்தான் கிடந்தது, அந்த ஐந்து நாள் பொறுக்க முடியவில்லையா? தனியே பொங்கினேன். பிரியந்தன் மெல்பேர்னிலிருந்து வீடியோவில் வந்து "அப்பா எங்க அம்மா?" என்று கேட்டான். குளிக்கிறார் என்றேன். அரை மணித்தியாலம் கழித்து எடுத்து "இன்னும் குளிக்கிறாரோ?" என்றான். பொய் எனக்கு வராது என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

ஒரு கிழமையாகக் கோபம் ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

போனது பிழை இல்லை. சொல்லாமல் போனதுதான் பிழை. நீங்கள் போன அன்று பின்னேரம் கதிரையில் இருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடித்தது. பிடித்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்தோடு இருக்கும்போதே கை எழும்பிப் போய்க் கட்டிலின் கால்மாட்டைத் தடவியது. அங்கே பாதம் இல்லை. அப்போதுதான் பயந்தேன். ஆஸ்பத்திரி விறாந்தையில்கூட அப்படிப் பயப்படவில்லை.

நீங்கள் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் மூன்று கிழமை உங்களையும் வாட்டி என்னையும் வாட்டினேன். உங்கள் கேத்திலோடு அங்கேயே இருங்கள். ரேடியோவைப் பெரிதாக வையுங்கள். ஸமீமா பாவம், அது அவவின் தலையெழுத்து.

யாருக்காக என்று தோன்றியதாக எழுதினீர்கள். அந்த வரியை வாசித்துவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். ஆறு மைல் தூரத்தில் இருந்துகொண்டு, கீரையைப் பற்றியும் வரிசையைப் பற்றியும் எழுதத் தெரிந்த உங்களுக்கு இதை ஒரு வரி எழுதத் தெரியவில்லையே. இனிமேல் ஒரு நாள் காலை அப்படித் தோன்றினால், முதலில் குளிசையைப் போடுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். பதில் எழுதுவேன். திட்டித்தான் எழுதுவேன். ஆனால் எழுதுவேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை உங்களுக்கு இரத்தச் சோதனை. நான் ஏழு மணிக்குக் கிளினிக்குக்கு வருவேன். உங்களைக் காணவில்லையென்றால் தேடமாட்டேன், நேரே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இது கடைசித் தரம் சொல்வது.

நேசமலர்


கொட்டாஞ்சேனை
17.04.2025

அன்புள்ள நேசத்திற்கு,

உமது கடிதத்தைக் கொண்டுவந்த மக்கீன் பதிலையும் கையோடு தரச்சொல்லி வாசலில் நிற்கிறார். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

பிரியந்தனுக்கு நானே எழுதுகிறேன். குளித்து முடிந்துவிட்டது என்று.

இன்று காலை குளிசையைக் கையில் எடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. போட்டேன். தோன்றினால் எழுதுவேன்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வந்தால் உமக்கு இருக்க இடம் கிடைக்காது. மக்கீன் விசாரித்துச் சொன்னார், ஆறரைக்கே எல்லாம் நிறைந்துவிடுமாம். நான் ஆறு மணிக்கே போய் இரண்டு கதிரை பிடிப்பேன். ஒன்றில் நான் இருப்பேன். மற்றதில் என் குடையை வைத்திருப்பேன். நீர் வந்ததும் எடுத்துவிடுவேன்.

நாகேந்திரம்